உரக்கச் சொன்ன எடை

மூட்டையைத் தொடாமலேயே அதன் எடையைச் சொல்லிவிடுவேன். திண்டிவனம் மார்க்கெட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வண்டியிலிருந்து மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) மூட்டை இறங்கும்போது, இறக்குகிறவரின் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பேன். சாக்கின் அடி எவ்வளவு பிதுங்குகிறது என்று பார்ப்பேன். சொல்லிவிடுவேன். தராசில் வைத்தால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். என்னிடம் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் வாங்கிக் கொடுத்த டீயைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு டீக்கடையே போட்டிருக்கலாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் பட்டம் வாங்கியவர்கள் என் மண்டியில் வந்து நின்று, "ஐயா, இந்தச் சரக்கு எவ்ளோ தேறும்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

கூலிக்கு மூட்டை தூக்க வந்தவன் நான். தூக்கிய மண்டிக்கே பிற்பாடு சொந்தக்காரன் ஆனேன். மாடி வீடு, லாரி, வீட்டுக்குப் பின்னால் சரக்குக் காயவைக்க சிமெண்டுக் களம், எல்லாம் இந்தத் தோள் சம்பாதித்தது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

இவ்வளவு பேசுகிற எனக்கு என் ஒரே மகளின் எடையை மட்டும் கையாளத் தெரியாமல் போயிற்று. அதைப் பற்றி எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதிக்கோப்பா. கிலோ மட்டும் எழுதாத" என்றாள். அதனால் இதில் எங்கேயும் அந்த எண் வராது. எடைக்காரன் எடையைச் சொல்லாமல் ஒரு கதை சொல்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் படியால் அளந்த காலத்திலிருந்து ஒரு பழக்கம் வருகிறது. அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்று சொல்லமாட்டோம். 'லாபம்' என்போம். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கை போகும். இப்போது எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. ஆனாலும் எதை எண்ணினாலும் என் வாயில் 'ஒன்று' வராது. என் மகள் மண்டியில் சாக்குக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்தவள். பால்வாடியில் டீச்சர் எண்ணச் சொன்னபோது, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணியிருக்கிறாள். டீச்சர் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதாள். நான் வேலையைப் போட்டுவிட்டு நேராகப் பால்வாடிக்குப் போய், "என் பொண்ணு சரியாதாங்க எண்ணிக்கினு இருக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதேபோல எடையை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு ஒரு சட்டம் மாதிரி. விற்கிறவர், வாங்குகிறவர், சும்மா வேடிக்கை பார்க்க நிற்கிறவர், எல்லார் காதிலும் விழ வேண்டும். வாய்க்குள் முணுமுணுக்கிற எடை திருட்டு எடை. மார்க்கெட்டில் நாணயமானவன் என்று நான் பேர் வாங்கியதில் பாதி என் தொண்டையால் வாங்கியது.

மகள் கல்லூரி முடிக்கிற சமயத்தில் உடம்பு ஏற ஆரம்பித்தது. நான் கவனித்தேன். கவலைப்படவில்லை. எடை ஏறினால் சந்தோஷப்பட்டே பழகியவன். கழுத்தில் கறுப்புப் படிந்ததையும் மோவாயில் முடி முளைத்ததையும் அவள் அம்மாதான் பார்த்தாள். மாதாமாதம் வரவேண்டியது பல மாதம் வராமலே கிடந்தது. சொந்தக்காரர்கள் காதுக்கு எட்டியதும், "ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்றார்கள். என் மனைவி அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டு, விழுப்புரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "பி.சி.ஓ.எஸ். இருக்கு. நீர்க்கட்டின்னு சொல்வாங்களே, அதுதான்" என்றார்.

'கட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படற கட்டி இல்லம்மா. ஹார்மோன் சீரா இல்ல. இந்த மாதிரி உடம்புல எடை சீக்கிரம் ஏறும், இறங்குறதுக்கு மட்டும் அடம் புடிக்கும். ஆனா கொஞ்சம் இறங்கினாலே மத்தது ஒழுங்குக்கு வர வாய்ப்பிருக்கு."

"கொஞ்சம்னா எவ்ளோங்க? எத்தினி நாள்ல முடிக்கணும்?" என்றேன்.

"முடிக்கிறதுக்கு இது காண்ட்ராக்ட் இல்லீங்க ஐயா" என்று டாக்டர் சிரித்தார். "விடாம செய்யணும். சில மாசம் இறங்கும், சில மாசம் அசையாது, சில சமயம் ஏறக்கூட ஏறும். அப்போ இவங்க மனசு விட்டுடக் கூடாது. வீட்டுல இருக்கறவங்க அதுக்குத்தான் வேணும்."

"எங்கப்பா விடமாட்டாரு டாக்டர்" என்றாள் என் மகள்.

எனக்கு மார்பு விரிந்தது. அவள் அதை நம்பிச் சொன்னாளா, பயந்து சொன்னாளா என்று இன்றைக்கு வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளே ஆரம்பித்தோம். சரக்குப் பரப்புவதற்கு முன்னால் விடியற்காலையில் களம் காலியாகக் கிடக்கும். அவள் அதைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ண வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் "லாபம்!" என்று குரல் கொடுப்பேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"மெதுவா எண்ணுப்பா. இன்னா, என்னை ஏலம் உடுறியா?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

வீட்டில் சோறு குறைந்தது. கேப்பைக் களியும் முருங்கைக்கீரையும் அவித்த பயறும் வந்தன. வறுத்த மல்லாட்டை ஒரு கைப்பிடிதான். மண்டிக்காரர் வீட்டிலேயே மல்லாட்டையை எண்ணித் தின்கிற காலம் வந்துவிட்டதே என்று என் மனைவி புலம்புவாள். மகள் நடக்கும்போது நான் சும்மா இருக்கமாட்டேன். நான் முன்னுக்கு வந்த கதையை நாற்காலியிலிருந்தே சொல்வேன். ஆள் வராத ஒரு நாளில் தனி ஆளாக ஒரு லாரிச் சரக்கை இறக்கிய கதை அதில் முக்கியமானது. ஒரு நாள் அவள் நடந்துகொண்டே, "ஏம்ப்பா, போன மாசம் சொன்னப்ப அந்த மூட்டைங்க இவ்ளோ கனமா இல்லியே. நான் கொறையக் கொறைய உன் கதையில மூட்டை ஏறிக்கினே போவுது" என்றாள். துவைக்கிற கல்லருகே நின்றிருந்த என் மனைவி வாளியை வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் காலை வேளைகள்தான் எனக்கு இப்போது அதிகமாக நினைவுக்கு வருகின்றன.

வெள்ளிக்கிழமை தோறும் மண்டித் தராசில் ஏறி நிற்பாள். மல்லாட்டை காயக் காய எடை குறையும். அது எங்களுக்கு நஷ்டம். வாழ்நாள் முழுக்கக் குறைகிற எடையைப் பார்த்து வயிறெரிந்தவன், அந்த வெள்ளிக்கிழமைகளில்தான் அதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கற்றுக்கொண்டேன். சந்தோஷம் வந்தால் குரல் தானாக ஏறும். மூட்டைக்குச் சொல்வதுபோலவே அவள் எடையையும் கிலோ, கிராம் சகிதம் கூவிவிடுவேன். அவள் உதட்டில் விரலை வைத்து 'உஸ்' என்பாள். கடை திறக்காத நேரம்தானே, யார் காதில் விழப்போகிறது என்று நான் விட்டுவிட்டேன்.

மாதங்கள் போயின. ஒரு நாள் காலையில் என் மனைவி சமையற்கட்டு வாசலில் என்னை நிறுத்தி, "பொண்ணுக்கு இப்ப மாசா மாசம் ஒழுங்கா வருதுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. எடையும் நன்றாக இறங்கியிருந்தது. மகள் சாதித்துவிட்டாள். அதை நான் சாதித்ததாகவே எடுத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. நேராக மிட்டாய்க் கடைக்குப் போய் ஜிலேபி வாங்கி மார்க்கெட்டில் கொடுக்க ஆரம்பித்தேன்.

வளவனூரிலிருந்து சரக்கு எடுக்க வருகிற வியாபாரி ஒருவர் இருந்தார். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். "இன்னா மாமா, ஜிலேபிலாம் பலமா இருக்குது? பொண்ணுக்கு மாப்ள அமைஞ்சிடுச்சா?" என்றார்.

"அதெல்லாம் இல்ல மாப்ள. எம் பொண்ணு எடை கொறைச்சிட்டா!"

"அப்டியா? எவ்ளோ?"

சொன்னேன். எத்தனை கிலோ இருந்தாள், எத்தனை கிலோ இறங்கினாள், இப்போது எவ்வளவு இருக்கிறாள் என்று, மூட்டைக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னேன். கடைசி வரிசைக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். கைதட்டினார்கள்.

அவள் விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மார்க்கெட் வழியாகத்தான் பஸ் பிடிக்கப் போவாள். அன்றைக்கு அந்த நேரத்தில் வந்து சேர்ந்தாள்.

"அடடே, வா கண்ணு!" என்றார் வளவனூர்க்காரர். "ஈரமெல்லாம் போயி, நல்லா காய்ஞ்ச சரக்கா நிக்குது பாரு. இன்னும் ரெண்டு வெயில் காட்டினா ஏ ஒன்னு ஆயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். யாரோ அவள் கையில் ஒரு ஜிலேபியைத் திணித்தார்கள். "தின்னு கண்ணு, ஒண்ணு தின்னா இன்னா ஆயிடும்?" என்று ஒருவர். "வேணாம் வேணாம், கஷ்டப்பட்டுக் கொறைச்சது மறுபடி ஏறிடும்" என்று இன்னொருவர். அவர்களுக்குள் வாக்குவாதமே வந்துவிட்டது. அவள் நடுவில் நின்றாள். பாகு விரல் வழியாக மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த ஜிலேபியைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

டாக்டர் சொல்லி வைத்த மாதிரியே அதற்கப்புறம் எடை அசையாமல் நின்றது. பிறகு கொஞ்சம் ஏறியது. வீட்டுக்குள் இருந்திருந்தால் அது ஒன்றுமே இல்லை. அவளும் அம்மாவும் டாக்டரிடம் கேட்டு, மேற்கொண்டு நடந்திருப்பார்கள். ஆனால் நான்தான் அவள் எடையை மார்க்கெட்டுக்குச் சொல்லி வைத்திருந்தேனே. காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது ஆளுக்கு ஆள், "இப்ப எவ்ளோ கண்ணு? இன்னும் கொறைஞ்சுதா?" என்று கேட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என் மீதுள்ள பிரியத்தில் கேட்டார்கள். வளவனூர்க்காரர் ஒரு நாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மழை ஈரம் பட்டுடுச்சோ?" என்றாராம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவரே சொல்லிச் சிரித்தார்.

அவள் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வேறு தெருவழியாகப் போக ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை வந்தால் தலைவலி என்றாள். பிறகு களத்துக்கு வருவதும் நின்றது. நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போவேன்.

மனசு விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே என்று, எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். பேசினேன். கையில் ஒன்றும் இல்லாமல் வந்த நானே இவ்வளவு செய்தேனே, எல்லா வசதியும் இருக்கிற உன்னால் ஏன் முடியாது என்றேன். ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் சாப்பிடும் தட்டைப் பார்த்தேன். தட்டைப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"மனசு வெச்சா ஆவாதது இன்னா இருக்குது?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். "நான் அந்தக் காலத்துல மூட்டைய..."

"அப்பா" என்றாள். கத்தவில்லை. "நீ தூக்கின மூட்டைய லாரிகிட்ட போனதும் எறக்கி வெச்சிட்ட. இது அந்த மாதிரி இல்லப்பா. எறக்கி வெக்க முடியாது. கூடவே இருக்கும். இதோட தான் நான் தெனமும் எழுந்து நடக்கணும்."

"அதுக்குதான சொல்றேன், உடாதன்னு."

"நான் உடலப்பா. மார்க்கெட்டே என்ன எடை போட்டுக்கினு இருக்குது. அத்த என்னால தாங்க முடியல."

"உன்னப் பத்திப் பெருமையாதானம்மா சொன்னேன்."

"விக்கிற சரக்குக்குதான் எடைய சத்தமா சொல்லணும். என் எடைய நான் விக்கலப்பா."

அன்றைக்கு எழுந்து மண்டிக்குப் போய்விட்டேன். மண்டிக்கு விடுமுறை. பூட்டிய கதவைத் திறந்து உள்ளே சாக்குமேல் உட்கார்ந்திருந்தேன். அப்போதே திரும்பிப் போய், தப்பாகச் செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. சாயந்திரம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

கொஞ்ச நாளில் விழுப்புரத்திலேயே கூட வேலை செய்யும் பெண்களோடு அறை எடுத்துக்கொண்டாள். தினமும் போய்வருவது அலுப்பாக இருக்கிறது என்றாள். நான் நம்புவதுபோல இருந்தேன். பையை நான்தான் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் வைத்தேன்.

என் மனைவி அவ்வப்போது கேப்பை மாவும் பயறும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் நான் பக்கத்தில் போய் உட்காருவேன்.

"நடக்குறாளா?"

"நடக்குறா. கலெக்டர் ஆபீஸ் பக்கம் கிரவுண்டு இருக்குது இல்ல, அங்கதான்."

"எடை..."

"அத்த மட்டும் கேக்காதீங்க. எனக்கே சொல்றது இல்ல. அறையில தராசே வெக்கல. மாசம் ஒழுங்கா வருதா, மாடி ஏறினா மூச்சு வாங்குதா, அத்ததான் பாக்குறாளாம். ரெண்டு நாள் நடக்காம பூட்டா, மூணாம் நாள் ஒண்ணும் ஆவாத மாதிரி போயி நடக்குறாளாம். யாராண்டயும் சொல்றது இல்லியாம். சொல்லாம இருந்தாதான் எனக்கு நடக்க வருதும்மான்றா."

யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்பது இந்த வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் செய்த ஒவ்வொன்றையும் நாலு பேருக்குச் சொல்லித்தான் முடித்திருக்கிறேன். இவ்வளவு பெரிய மண்டியில் எத்தனையோ பேர் சரக்கை எடை போட்டுக் கொடுத்தவனுக்கு, சொந்த மகள் எப்படி இருக்கிறாள் என்பதை மனைவி வாயால் பாதி பாதியாகக் கேட்க வேண்டியிருந்தது.

போன தை மாதம் போனில் கேட்டுவிட்டேன். "ஒரு நாளிக்கு உங்கூட நானும் நடக்கட்டுமாம்மா?"

"வா" என்றாள். "ஆனா எண்ணக் கூடாது. கண்ணால எடை போடக் கூடாது."

இருட்டு விலகாத முதல் பஸ்ஸைப் பிடித்தேன். விக்கிரவாண்டி தாண்டும்போது பனி. முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற கூட்டம் இறங்கியது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எண்ணக் கூடாது, பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

மைதான வாசலில் நின்றிருந்தாள். கையைத் தூக்கிக் காட்டினாள். என் கண் முப்பது நாற்பது வருஷமாக ஒரே வேலையைச் செய்த கண். மூடு என்றால் மூடாது. அவள் என்னை நோக்கி நடந்து வந்த நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"இன்னாப்பா, செருப்புல இன்னா பாக்குற?"

"ஒண்ணுமில்லம்மா. வார் அறுந்துடுமோன்னு பாத்தேன்."

நடந்தோம். பாதிச் சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அவள் எனக்காக வேகத்தைக் குறைத்தாள். "லாரியையே தனியா எறக்கின காலு இவ்ளோதானா?" என்றாள். பழைய சிரிப்பு கொஞ்சம் வந்தது. எதிரே வந்த ஓர் அம்மாள், "யாரு, அப்பாவா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள். திண்டிவனத்தில் மண்டி வைத்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. "வணக்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாள் அவளிடம் எடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பனி அதிகம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைக் கேட்டபோது என் மார்க்கெட் ஆட்கள் முகம் ஒவ்வொன்றாக வந்து போனது. அவர்களுக்கு ஜிலேபி கொடுத்தது என் கைதான்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்ட வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அன்னிக்கு மார்க்கெட்ல..." என்று ஆரம்பித்ததும், "நடப்பா. பேசினா உனக்கு மூச்சு வாங்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மேலே பேச முடியவில்லை.

சுற்று முடிகிற இடத்தில் ஓர் இரும்புக் கம்பம் இருக்கிறது. தினமும் தொடுவாள் போல. போகிற போக்கில் அதைத் தொட்டு, தனக்குள்ளே வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"ஒண்ணு."

பால்வாடி டீச்சர் சிரித்தும் மாறாத எண்ணிக்கை இப்போது மாறியிருந்தது. என் நாக்கு நுனியில் 'லாபம்' வந்து நின்றது. விழுங்கிக்கொண்டு, இரண்டாம் சுற்றுக்கு அவள் பின்னால் நடந்தேன்.